லைட் ஏல் கிட்டில் ஹாப்ஸும் சர்க்கரையும்: எந்த வழி நல்லது?

கிட் வாங்கி வீட்டில் லைட் ஏல் என்ற வெளிறிய, மது குறைந்த பிரிட்டிஷ் பீரைத் தயாரிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூவான ஹாப்ஸை, மணத்துக்காக எப்போது போடுவது என்பது ஒன்று. பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்கான சர்க்கரையை எப்படிச் சேர்ப்பது என்பது மற்றொன்று. முதலாவதை டிரை ஹாப்பிங் என்றும் இரண்டாவதைப் பிரைமிங் என்றும் சொல்கிறார்கள். பலரும் இந்த இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. ஹாப்ஸை எப்படிப் போட்டோம் என்பதைப் பொறுத்தே சர்க்கரைக் கணக்கு அமையும். எந்தப் பாத்திரத்தில் சர்க்கரை கலக்கப் போகிறோம் என்பதை வைத்தே ஹாப்ஸைப் பையில் கட்டுவதா, உதிரியாகப் போடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

இது இங்கிலாந்துக் கிட்களையும் அங்குள்ள பழக்கத்தையும் வைத்து எழுதியது. அங்கே 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் வீட்டுப் பீருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கினார். அது முதல், விற்காதவரை, சொந்த உபயோகத்துக்கு யாரும் தயாரிக்கலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. ஆகவே இதில் உள்ளவை சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் தமிழர்களுக்கே பயன்படும்.

கிட் என்பது பெரும்பாலும் ஒன்றரை முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள ஒரு டப்பா. ஹாப்ஸின் கசப்பு ஏற்கெனவே சேர்க்கப்பட்ட கெட்டியான மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகு அதற்குள் இருக்கும். ஒரு ஈஸ்ட் பொட்டலமும் கூட வரும். இதோடு ஒரு கிலோ சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தால் 23 லிட்டர், அதாவது ஏறத்தாழ 40 பைன்ட் கிடைக்கும். மதுவின் அளவு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். கசப்பில் குறை சொல்ல முடியாது. மணம்தான் இருக்காது. பாகாகச் சுண்டக் காய்ச்சும்போது ஹாப்ஸின் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடுகின்றன. ரசத்தை இறக்கிய பிறகு கொத்தமல்லி தூவுவது எதற்காகவோ, அதற்காகத்தான் நொதித்து முடியும் தறுவாயில் ஹாப்ஸ் சேர்க்கிறோம். ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதித்தால்தான் கசப்பாக மாறும் என்பதால், குளிர்ந்த பீரில் போடும் ஹாப்ஸ் கசப்பை அதிகம் கூட்டாது. மணம் மட்டும் ஏறும்.

ஹாப்ஸை எப்போது போடுவது

முதல் வழி, நொதித்தல் உச்சத்தில் இருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில் போடுவது. அப்போது ஈஸ்ட் சுறுசுறுப்பாக இருப்பதால், மூடியைத் திறக்கும்போது உள்ளே நுழையும் காற்றை அதுவே தீர்த்துவிடும். ஹாப்ஸின் சில மணப்பொருள்களை ஈஸ்ட் வேறு மணங்களாக மாற்றவும் செய்யும். நூறு கிராம், இருநூறு கிராம் என்று அமெரிக்க ஹாப்ஸைக் கொட்டுபவர்களுக்கு இது ஏற்றது. லைட் ஏலுக்கு நாம் போடுவது முப்பது கிராம். பொங்கி எழும் கரியமில வாயு அதில் நல்ல பகுதியை வெளியே அள்ளிக்கொண்டு போய்விடும். இந்தப் பீருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, நொதித்தல் முடியும் தறுவாயில் போடுவது. மேலே நின்ற நுரை விழுந்துவிட்டது, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.010 அல்லது 1.012 காட்டுகிறது, இறுதி அளவுக்கு இன்னும் இரண்டு மூன்று புள்ளிகள் (ஒரு புள்ளி என்பது 0.001) பாக்கி. இதுதான் சரியான நேரம். காற்றைத் தீர்க்க ஈஸ்ட் இன்னும் விழித்திருக்கிறது, ஆனால் மணத்தை அடித்துச் செல்லும் வேகம் வாயுவுக்கு இல்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, பீரை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி அங்கே ஹாப்ஸ் போடுவது. பழைய கையேடுகள் இதை வற்புறுத்தும். கசடின் மேல் பீர் வாரக்கணக்கில் நின்றால் சுவை கெடும் என்ற அச்சத்தில் வந்த பழக்கம் இது. நான்கைந்து நாள் வேலைக்கு அந்த அச்சம் தேவையில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் காற்று கலக்கிறது. ஹாப்ஸ் மணத்துக்குக் காற்றைவிடப் பெரிய எதிரி கிடையாது. வாங்கிய மணத்தை அதே நாளில் இழப்பதற்கு ஒரு வாளியையும் கழுவ வேண்டியிருக்கும்.

பாட்டிலுக்கு ஒரு வில்லை ஹாப்ஸ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பாட்டிலுக்குள் மிதக்கும் துகள் ஒவ்வொன்றிலும் வாயுக் குமிழி பற்றிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் பாதிப் பீர் மேசையில் இருக்கும்.

பாட்டிலுக்குப் பதில் பிளாஸ்டிக் அழுத்தப் பீப்பாயில் வைத்துக் குடிப்பவர்களுக்கு மட்டும் தனி வழி ஒன்று இருக்கிறது. முழுப் பூ ஹாப்ஸை மஸ்லின் பையில் கட்டிப் பீப்பாய்க்குள்ளேயே விட்டுவிடலாம். பப்களுக்குப் போகும் மரப் பீப்பாய்களில் ஒரு பிடி ஹாப்ஸ் போட்டு அனுப்புவது பிரிட்டனின் பழைய வழக்கம். அதற்கென்றே அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் எடையில் பூக்களை அழுத்தி வில்லையாகச் செய்தார்கள். 12 பாகை செல்சியஸ் போன்ற குளிர்ச்சியில் மணம் மெதுவாக இறங்கும்; பச்சைப் புல் வாடை எளிதில் தலைகாட்டாது. ஒரு மாதத்துக்குள் குடித்து முடிக்கக் கூடிய குடும்பத்துக்கு இது அருமையான ஏற்பாடு.

பூவா, துகளா, தேநீரா

உலர்ந்த முழுப் பூ மிதக்கும். நிறையப் பீரை உறிஞ்சும். இதழ்களுக்கிடையே காற்றையும் சேர்த்துக் கொண்டுவரும். அழுத்திய துகள் வில்லை உடனே கரைந்து பொடியாகி, இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான மணத்தைக் கொடுத்துவிட்டு அடியில் படியும். விளைவு துகளில் வேகம். ஆனால் அந்தப் பொடி சைஃபன் குழாயையும் பாட்டில் நிரப்பும் கம்பியின் வால்வையும் அடைத்துக்கொள்ளும். துகளை நெருக்கமான வலைப் பையில் கட்டிப் போடுவதே மேல். பையையும், அது மூழ்குவதற்காக உள்ளே வைக்கும் கண்ணாடிக் கோலிகளையும் கொதிநீரில் கிருமி நீக்க வேண்டும். ஹாப்ஸைக் கிருமி நீக்கத் தேவையில்லை. அதன் இயல்பே பாக்டீரியாவை அடக்குவது, பீரில் மதுவும் அமிலமும் ஏற்கெனவே இருக்கின்றன.

மூன்றாவதாக ஹாப்ஸ் தேநீர். 80 பாகை வெந்நீரில் ஹாப்ஸைக் கால் மணி நேரம் ஊறவைத்து வடித்து, அந்த நீரைப் பீரில் சேர்ப்பது. அழுத்தி வடிக்கும் காபிப் பாத்திரம் இதற்கு மிகவும் உதவும். துகள் பிரச்சினையே கிடையாது. மணம் கொஞ்சம் மாறும். வெந்நீர் மெல்லிய மலர் வாசத்தைக் குறைத்து, மூலிகை வாசத்தை முன்னே கொண்டுவரும். முழு டிரை ஹாப்பிங்குக்கு இது ஈடாகாது. ஆனாலும் ஒரே வாளி வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

எந்த ஹாப்ஸ் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. மெலிந்த உடல் (வாயில் உணரும் கனம்), வெளிறிய நிறம், மூன்றரை சதவீதம் மது: இப்படிப்பட்ட பீருக்கு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் 25 முதல் 35 கிராம் போதும். ஸ்டைரியன் கோல்டிங்ஸும் நன்றாக இருக்கும். பெயரில் கோல்டிங்ஸ் இருந்தாலும் அது ஸ்லோவீனியாவில் வேரூன்றிய ஃபகிள் வகைதான். ஆரஞ்சு மார்மலேட் வாசம் விரும்பினால் ஃபர்ஸ்ட் கோல்டு. 1972-இல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேடையும் போடலாம், அதன் முன்னோர்களில் ஃபகிள் உண்டு. ஆனால் 20 கிராமைத் தாண்டினால் பப்ளிமாஸ் வாசம் பீரையே விழுங்கிவிடும். பொட்டலத்தைத் திறந்ததும் பாலாடைக்கட்டி நாற்றம் வந்தால் அந்த ஹாப்ஸ் பழையது, தூர எறியுங்கள். எறிவதை நாய்க்கு எட்டாத இடத்தில் எறியுங்கள். பயன்படுத்தி முடித்த ஹாப்ஸாக இருந்தாலும் நாய் தின்றால் அதன் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம்.

ஹாப்ஸ் சர்க்கரைக் கணக்கை மாற்றுவது எப்படி

இந்த இடத்தில் சற்று நிதானமாக நில்லுங்கள். பாட்டில் வெடிப்பதற்கு இதைக் கவனிக்காததும் ஒரு காரணம்.

ஹாப்ஸ் பூவில் மணமும் கசப்பும் மட்டும் இல்லை; மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகளும் சிறிதளவு இருக்கின்றன. கொதித்தால் அவை அழிந்துவிடும். டிரை ஹாப்பிங்கில் கொதி இல்லை. எனவே ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை அந்த நொதிகள் மெல்ல வெட்டி, ஈஸ்ட்டுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. அடங்கிய நொதித்தல் திரும்பத் தொடங்குகிறது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஹாப்ஸ் போட்ட பீப்பாயில் பீர் ஏன் மீண்டும் நொதிக்கிறது என்று ஆராய்ந்து, பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் ஹோரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் 1893-லேயே எழுதிவிட்டார்கள். அதிக ஹாப்ஸ் போடும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பீர் மோகம் வந்த பிறகு மதுவடிப்பவர்கள் அதை மறுபடி தேடிப் படித்தார்கள்.

கணக்காகப் பாருங்கள். பீரில் கரைந்த வாயுவை மடங்கில் சொல்வது வழக்கம்: ஒரு லிட்டர் பீரில் இரண்டு லிட்டர் வாயு கரைந்திருந்தால் இரண்டு மடங்கு. லிட்டருக்கு நான்கு கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு மடங்கு வாயு தரும். ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி இறங்கினால் ஏறத்தாழ அரை மடங்கு வாயு உண்டாகும். ஆகவே பீர் 1.008-இல் நின்றுவிட்டது என்று நம்பி அடைத்து, பாட்டிலுக்குள் அது 1.006-க்கு இறங்கினால், நீங்கள் சேர்க்காத ஒரு மடங்கு வாயு கூடுதலாக வந்துவிடும். 2.1 மடங்குக்குத் திட்டமிட்ட பீர் 3.1 ஆகும். சாதாரண பிரிட்டிஷ் ஏல் பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

முப்பது கிராம் ஹாப்ஸும், வெள்ளைச் சர்க்கரை நிறைந்த மெலிந்த கிட்டும் என்றால் இறக்கம் சிறிதாகவே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரை முழுவதும் நொதித்துவிடுவதால் மிச்சம் குறைவு. ஆனால் பீரின் உடல் கனக்க அந்த ஒரு கிலோ சர்க்கரையில் பாதியை எடுத்துவிட்டு, அரைக் கிலோ உலர் மால்ட் சேர்ப்பவர்கள் பலர். நானும் அதையே சொல்வேன். அப்போது டெக்ஸ்ட்ரின் கூடுகிறது, நொதிகளுக்கு வேலையும் கூடுகிறது.

இதற்கு மருந்து நேரம்தான். கடைசிப் புள்ளிகள் பாக்கியிருக்கும்போதே ஹாப்ஸ் போட்டால், நொதிகள் செய்ய வேண்டியதை வாளிக்குள்ளேயே செய்து முடிக்கும். ஹாப்ஸ் போட்ட பிறகு 18 முதல் 20 பாகை வெப்பத்தில் நான்கைந்து நாள் விடுங்கள். அதன் பின் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள். எண் அசையாவிட்டால் அடைக்கலாம். ஹாப்ஸ் போடுவதற்கு முன் எண் நின்றுவிட்டது என்பது சான்றாகாது. அவசரப்பட்டு அடைத்தால் வாயு மட்டுமல்ல, திரும்பத் தொடங்கிய நொதித்தலில் வெண்ணெய் வாடையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஹாப்ஸ் தேநீருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. 80 பாகை வெந்நீர் அந்த நொதிகளைப் பெரும்பாலும் முடக்கிவிடும்.

சர்க்கரையை எப்படிச் சேர்ப்பது

லைட் ஏலுக்கு எத்தனை மடங்கு வாயு வேண்டும்? பப்களில் பீப்பாயிலிருந்து ஊற்றும் பிட்டர் என்ற கசப்பு ஏல் 1.5, 1.8 மடங்கில் அடங்கி நிற்கும். லைட் ஏல் பாட்டில் பீர். சற்றுத் துள்ள வேண்டும். லண்டன் பப்களில் அரைக் கோப்பை பிட்டரில் ஒரு பாட்டில் லைட் ஏலை ஊற்றி 'லைட் அண்டு பிட்டர்' என்று குடிப்பது ஒரு காலத்து வழக்கம். தளர்ந்துபோன பீப்பாய்ப் பீருக்கு உயிர் கொடுத்தது அந்தப் பாட்டிலின் வாயுதான். ஆகவே 2.1 முதல் 2.3 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

20 பாகையில் நொதித்த பீரில் ஏற்கெனவே 0.85 மடங்கு வாயு தங்கியிருக்கும். மீதிக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை போதும். 22 லிட்டருக்கு 110 கிராம். பலர் தவறும் ஓர் இடம் இங்கே உண்டு. கசடு படிவதற்காக அடைப்பதற்கு முன் இரண்டு நாள் வாளியைக் குளிரில் வைப்பார்கள்; பிறகு சர்க்கரைக் கணக்குப் போடும்போது பீரின் வெப்பம் 4 பாகை என்று எழுதுவார்கள். குளிர்ந்த பீரில் அதிக வாயு தங்கும் என்று கணக்கு நினைத்துக்கொண்டு சர்க்கரையைக் குறைத்துவிடும். பீர் சப்பென்று போகும். நொதித்தல் முடிந்த பிறகு பீர் கண்ட அதிக வெப்பம் எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். வெளியேறிய வாயு குளிர வைத்ததால் திரும்பி வராது.

பாட்டில் பாட்டிலாகச் சர்க்கரை போடுவது கிட் தாளில் எழுதியிருக்கும் வழி. 500 மில்லி பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ இரண்டு கிராம். இன்னொரு வாளி வேண்டாம், பீரைக் கலக்க வேண்டாம், காற்றுப் படுவதும் குறைவு. ஆனால் கரண்டி குவிந்தால் அளவு இரட்டிக்கும். நாற்பது பாட்டிலில் ஒன்று பொங்கும், ஒன்று தூங்கும்.

இதைச் சரிசெய்ய வந்தவை சர்க்கரை மிட்டாய்கள். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் நிறுவனத்தின் மிட்டாய் ஒன்று ஏறத்தாழ மூன்று கிராம். 375 மில்லிக்கு ஒன்று, 750-க்கு இரண்டு என்பது அவர்கள் அளவு. லிட்டருக்கு எட்டு கிராம் ஆகிறது. ஆஸ்திரேலிய வெயிலில் சில்லென்று குடிக்கும் லாகருக்கு அது பொருந்தும். லைட் ஏலுக்கு மிகை. 500 மில்லி பாட்டிலுக்கு ஒன்று போட்டால் 2.3, 2.4 மடங்கில் நிற்கும், அது சரி. 330 மில்லிப் பாட்டில் வைத்திருப்பவர்கள் மிட்டாயைத் தவிர்க்கலாம்.

மொத்தமாகக் கலப்பது மூன்றாம் வழி. 110 கிராம் சர்க்கரையை ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, சுத்தமான இரண்டாவது வாளியின் அடியில் ஊற்றி, பீரை சைஃபன் குழாய் வழியாகச் சலசலப்பின்றி அதன் மேல் இறக்க வேண்டும். குழாயின் முனை வாளியின் அடியைத் தொட்டபடி வளைந்து கிடந்தால் பீர் சுழன்று தானே கலந்துவிடும். எல்லாப் பாட்டிலும் ஒரே அளவில் நுரைக்கும். ஹாப்ஸ் துகளும் கசடும் பழைய வாளியிலேயே தங்கும். டிரை ஹாப்பிங் செய்தவர்களுக்கு இந்தக் கடைசி நன்மை ஒன்றே போதும்.

ஒரு மாற்றத்தின்போது படும் காற்றைப் பற்றி முன்பு எச்சரித்தேனே, இங்கே மட்டும் ஏன் ஏற்கிறேன்? சேர்த்த சர்க்கரையைத் தின்ன ஈஸ்ட் உடனே எழுந்து, நுழைந்த காற்றில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது. இரண்டாம் பாத்திரத்தில் வெறுமனே நிற்கும் பீருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எந்தச் சர்க்கரை என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் பத்து சதவீதம் கூட்டிப் போடுங்கள். உலர் மால்ட் என்றால் ஒன்றரைப் பங்கு. லிட்டருக்கு ஐந்து கிராமில் நாக்குக்கு வேறுபாடு தெரியாது. அழுத்தப் பீப்பாய்க்கு மட்டும் 80, 85 கிராமோடு நிறுத்துங்கள். அந்தப் பிளாஸ்டிக் குறைந்த அழுத்தத்துக்கானது.

நான் எதைத் தேர்வேன்

இரண்டு வாளி வைத்திருப்பவர் என்றால்: 1.010 அளவில் 30 கிராம் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் துகளைப் பையில் கட்டி முதல் வாளியிலேயே போட்டு, நான்கைந்து நாள் 20 பாகையில் விட்டு, எண் நின்றதை இருமுறை உறுதி செய்து, பையை எடுத்துவிட்டு, இரண்டு நாள் குளிர வைத்து, 110 கிராம் சர்க்கரையோடு மொத்தமாகக் கலந்து அடைப்பது. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஒரே வாளிதான் என்றால் டிரை ஹாப்பிங்கை விட்டுவிடுங்கள். நொதித்தல் முடிந்து எண் நின்ற பிறகு, 30 கிராம் ஹாப்ஸில் தேநீர் வடித்து மூடி ஆறவைத்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து வாளியில் மெதுவாக ஊற்றி, ஒரு நாள் கழித்து 500 மில்லி பாட்டிலுக்கு ஒரு மிட்டாய் வீதம் அடையுங்கள். துகள் அடைப்பும் இல்லை, இரண்டாம் நொதித்தல் பயமும் இல்லை.

பீப்பாய் வைத்திருப்பவருக்கு மூன்றில் எளிய வேலை. உள்ளே முழுப் பூப் பை, 80 கிராம் சர்க்கரை. ஹாப்ஸ் கொஞ்சம் கூடுதல் வாயுவை உண்டாக்கினாலும் மூடியின் வால்வு அதை வெளியேற்றிவிடும்.

அடைத்த பாட்டில்களை இரண்டு வாரம் 18, 20 பாகையிலும், பிறகு இரண்டு வாரம் குளிர்ந்த இடத்திலும் வையுங்கள். பழுப்பு நிறப் பாட்டிலாக இருக்கட்டும். வெளிறிய கண்ணாடியில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமெடுக்கும். ஐந்தாறு பாட்டில்களில் ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துவைப்பது நல்ல பழக்கம்: கையால் அழுத்திப் பார்த்து மற்றவற்றின் நிலையை அறியலாம், கல்லாக இறுகினால் எல்லாவற்றையும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றலாம். கிட் பீர் மாதக்கணக்கில் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஹாப்ஸ் மணம் அத்தனை நாள் தாங்காது. இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிட்டு, அடுத்த டப்பாவைத் திறங்கள்.